காட்டும் இடத்தில் கையெழுத்து

கேள்வி: நான் கணவருடன் அமெரிக்காவில், நியூஜெர்சியில் வசிக்கிறேன். சொந்த ஊர் கோத்தகிரி. என் பிரசவத்துக்காக அம்மா (62 வயது) வந்திருக்கிறார். அவருடைய விசா பத்து வருடத்துக்கு இருக்கிறது. ஆனால் விமான நிலையத்தில் கொடுத்த ஆறு மாதம் முடிய இன்னும் ஏழு வாரம்தான். அடுத்த மாதம் நான் வேலைக்குத் திரும்ப வேண்டும். டேகேர் செலவு எங்களுக்குக் கட்டுப்படியாகாது. அதனால் இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க விண்ணப்பிக்கலாம் என்று இருக்கிறேன். 'ஊர் சுற்றிப் பார்க்க' என்று காரணம் போடச் சொல்கிறார்கள் சிலர். விண்ணப்பமே வேண்டாம், சும்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்கிறார்கள் வேறு சிலர். எது பாதுகாப்பு? அம்மா இங்கே நன்றாகத்தான் இருக்கிறார். குளிர் என்பதால் வெளியே போவதில்லை. அப்பா ஊரில் இருக்கிறார், சர்க்கரை உண்டு. தங்கை ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்துக்கொள்கிறாள். அம்மாவிடம் இதை இன்னும் பேசவில்லை. ஆங்கிலம் தெரியாது, காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார். சின்ன வயதில் இலங்கையிலிருந்து வந்து, தேயிலைத் தோட்டத்தில் வேலை பார்த்து எங்களைப் படிக்க வைத்தவர்.
- பெயர் வேண்டாம், நியூஜெர்சி.

பதில்: மகளே, விசா, தேதி, செலவு என்று இவ்வளவு எழுதிவிட்டு, கடைசியில் போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறாய். "காட்டும் இடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்." அடுத்த வரியிலேயே அம்மா இலங்கையிலிருந்து வந்தவர் என்கிறாய். இந்த இரண்டு வரியையும் அடுத்தடுத்து எழுதிய உனக்கு ஒன்றுமே உறைக்கவில்லையா?

நீலகிரியில் வளர்ந்தவள் நீ. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் ஒப்பந்தம் போட்டு, ஐந்தேகால் லட்சம் பேர் இந்தியாவுக்கு, மூன்று லட்சம் பேர் இலங்கைக்கு என்று, இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் உழைத்த மலையகத் தமிழர்களைக் கணக்குப் பிரித்தார்கள். எந்தப் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று புரியாமலே கைநாட்டு வைத்தவர்கள் அந்தத் தோட்டங்களில் ஏராளம். அண்ணன் அங்கே, தம்பி இங்கே என்று குடும்பங்கள் பிரிந்தன. தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமில் காத்திருந்து, பிறகு மலை ஏறி வந்தார்கள். அவர்களுக்கு வேலை கொடுக்கத்தான் அரசாங்கம் 1968-ல் தேயிலைத் தோட்டம் போட ஆரம்பித்தது. அதுதான் பிற்பாடு டான்டீ என்கிற அரசுத் தேயிலை நிறுவனம் ஆனது. கோத்தகிரியிலும் குன்னூரிலும் கூடலூரிலும் எந்த லைன் வீட்டுக் கதவைத் தட்டினாலும் இந்தக் கதையை உனக்குச் சொல்வார்கள்.

உன் அம்மா அப்படி வந்த பிள்ளைகளில் ஒருவர். அவரைக் கேட்காமல் பெரியவர்கள் ஒரு தாளில் முடிவு செய்தார்கள், அவருக்கு நாடே மாறியது. அன்று அவர் குழந்தை, கேட்க வழியில்லை. இன்று 62 வயதில், பெற்ற மகளே இன்னொரு தாளை நீட்டி "இங்கே போடும்மா" என்று சொல்லப்போகிறாள். அவரும் போடுவார். புரியாததால் மட்டும் இல்லை, நீ நீட்டுகிறாய் என்பதால் போடுவார். அந்த நம்பிக்கையை நீ சௌகரியமாக எடுத்துக்கொள்வதுதான் எனக்குக் கோபம்.

தங்கும் காலத்தை நீட்டச் சொல்லி நீ போடப்போகும் படிவம் ஐ-539. அதில் விண்ணப்பதாரர் நீ இல்லை, அம்மா. எழுதியிருப்பது எல்லாம் உண்மை, பொய்யானால் தண்டனைக்கு உட்படுகிறேன் என்று உறுதி சொல்லி அவர்தான் கையெழுத்துப் போடுகிறார். ஆங்கிலம் தெரியாதவர் என்றால் அதற்கும் அதில் தனி இடம் இருக்கிறது. ஒவ்வொரு கேள்வியையும் பதிலையும் அவருக்குப் புரியும் மொழியில் படித்துக் காட்டினேன் என்று மொழிபெயர்த்தவர் அங்கே கையெழுத்துப் போட வேண்டும். அதைப் போடப்போவது யார், நீதானே? படித்துக் காட்டாமல் எப்படிப் போடுவாய்? அம்மாவை முன்பின் பார்த்திராத ஓர் அரசாங்கம், அவருக்கு விஷயம் தெரிந்திருக்க வேண்டும் என்கிறது. ஒரே வீட்டில் இருக்கும் உனக்கு அது தோன்றவில்லை.

இனி உன் கேள்விகளுக்கு வருகிறேன்.

விசாவில் இருக்கும் பத்து வருடம், அந்த நாட்டின் வாசலுக்கு வந்து உள்ளே விடச் சொல்லிக் கேட்பதற்கான அனுமதி. உள்ளே எத்தனை நாள் தங்கலாம் என்பதை முடிவு செய்வது ஐ-94 என்கிற நுழைவுப் பதிவில் இருக்கும் தேதி. அது ஒரு நாள் தாண்டினாலும் அந்தப் பத்து வருட விசா செல்லாமல் போய்விடும். மறுபடி வேண்டுமென்றால் சொந்த நாட்டிலிருந்துதான் கேட்க வேண்டும். 180 நாளுக்கு மேல் தாண்டிவிட்டுக் கிளம்பினால் மூன்று வருடம் உள்ளே விடமாட்டார்கள். ஒரு வருடம் ஆகிவிட்டால் பத்து வருடம். 62-ம் பத்தும் எவ்வளவு என்று கூட்டிப் பார். சும்மா இருந்துவிட்டுப் போகட்டும் என்று சொன்னவர்களின் பேச்சை இனி காதில் வாங்காதே.

விண்ணப்பம் அந்தத் தேதிக்கு முன்பே போய்ச் சேர்ந்துவிட வேண்டும். குறைந்தது 45 நாள் முன்னதாக அனுப்பச் சொல்கிறார்கள். ஏழு வாரம் இருக்கும்போது எழுதியிருக்கிறாய், இதைப் படிக்கும்போது அதிலும் குறைந்திருக்கும். நேரத்தோடு போட்டால் முடிவு வரும்வரை அம்மா அங்கே இருக்கலாம். ஆனால் முடிவு வரப் பல மாதம் ஆவதும் உண்டு, மறுத்தால் உடனே கிளம்ப வேண்டும். அடுத்த முறை விசா கேட்கும்போது இந்த மறுப்பைப் பற்றியும் கேட்பார்கள். அன்றைக்கு சென்னையில் அண்ணா சாலை அமெரிக்கத் துணைத் தூதரகத்தின் ஜன்னல் முன்னால் நின்று பதில் சொல்லப்போவது அம்மா. அப்போது நீ பக்கத்தில் இருக்கமாட்டாய்.

ஊர் சுற்றிப் பார்க்க என்று எழுதுவது பொய். வீட்டை விட்டே வெளியே வராதவர் எந்த ஊரைச் சுற்றப்போகிறார்? பேத்தியோடு இன்னும் சில மாதம் இருக்க ஆசைப்படுகிறார் என்றால், அது மறைக்க வேண்டிய காரணமே இல்லை, அப்படியே எழுதலாம். ஆனால் அது அவருடைய ஆசையாக இருக்க வேண்டும். டேகேருக்குப் பணம் இல்லாததால் அம்மாவை நிறுத்துகிறேன் என்பது வேறு விஷயம். பார்க்க வந்தவருக்கு அந்த விசாவில் வேலை செய்ய அனுமதி கிடையாது, காலை முதல் மாலை வரை கைக்குழந்தையைத் தனியாகப் பார்ப்பதை ஓர் அதிகாரி எப்படி எடுத்துக்கொள்வார் என்று உன்னாலோ என்னாலோ சொல்ல முடியாது. ஒரு குடியேற்ற வழக்கறிஞருக்கு ஒரு மணி நேரக் கட்டணம் கொடுத்துக் கேட்டுவிடு. அந்தச் செலவில் சிக்கனம் பார்க்காதே.

அப்புறம் அந்தக் குளிர். மார்கழிப் பனியில், விடிந்தும் விடியாமல் சாக்கை இடுப்பில் கட்டிக்கொண்டு, ஈரச் செடிக்குள் இறங்கிக் கொழுந்து பறித்தவர் உன் அம்மா. நியூஜெர்சிக் குளிர் அதைவிடக் கடுமை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் இத்தனை மாதமாக அவர் வெளியே வராததற்குக் குளிர் ஒன்றுதான் காரணமா? கார் ஓட்டத் தெரியாது, பேச ஆள் இல்லை, கையில் குழந்தை. "நன்றாகத்தான் இருக்கிறார்" என்று நீயே எழுதிக்கொண்டாயா, அவர் வாயால் சொன்னாரா?

அப்பாவின் சர்க்கரையை ஞாயிற்றுக்கிழமை மட்டும் பார்த்தால் போதாது. மற்ற ஆறு நாளும் அவர் என்ன சாப்பிடுகிறார், மாத்திரை போடுகிறாரா என்று தங்கையைக் கேள். வயதான காலத்தில் புருஷனையும் பெண்டாட்டியையும் ஆளுக்கொரு கண்டத்தில் வைப்பதை நான் ஒருநாளும் சரி என்று சொல்லமாட்டேன், பேத்திக்காக என்றாலும். பேத்தியைக் கொஞ்சுவது பாட்டியின் பாக்கியம். வளர்ப்பது பெற்றவர்கள் கடமை. உன் கடிதம் முழுக்க அப்பா, அம்மா, தங்கை எல்லோரும் ஆளுக்கொரு பாரம் சுமக்கிறார்கள், குழந்தையின் அப்பா எதைச் சுமக்கிறார் என்று ஒரு வார்த்தை இல்லை. அவர் அலுவலகத்தில் குழந்தைக்காக விடுப்பு உண்டா, இரண்டு பேரும் வேலை நேரத்தை மாற்றிக்கொள்ள முடியுமா, மாமியார் சில மாதம் வர முடியுமா என்றெல்லாம் பேசினீர்களா?

இன்று குழந்தை தூங்கியதும் டிவியை அணைத்துவிட்டு அம்மா பக்கத்தில் உட்கார். "போகணும் போல இருக்காம்மா?" என்று கேட்காதே, உன் முகத்தைப் பார்த்து இல்லை என்றுதான் சொல்வார். தேதி இது, இருந்தால் இன்னும் ஆறு மாதம், மறுத்துவிட்டால் இப்படி, அப்பா நிலைமை இது என்று முழுசாகச் சொல். எதைச் சொன்னாலும் எனக்குச் சம்மதம் என்றும் சொல். அப்பாவோடு பேசிவிட்டு நாளைக்குச் சொல்லட்டும், நீ பக்கத்தில் இல்லாமல் பேசட்டும்.

இருக்கிறேன் என்றால், ஐ-539-ஐ வரி வரியாகத் தமிழில் படித்துக் காட்டிவிட்டு அந்த வாரமே அனுப்பு. பாஸ்போர்ட் அந்த ஆறு மாதமும் செல்லுபடியாக இருக்கிறதா பார். பயணக் காப்பீடு பழைய தேதியோடு முடிந்துவிடும், அதை நீட்டு. ஊரிலிருந்து கொண்டு வந்த மாத்திரைகள் எத்தனை நாளுக்கு வரும் என்று எண்ணு, அங்கே மருந்துச்சீட்டுக்கே டாக்டரிடம் போக வேண்டியிருக்கும். அப்பாவுக்குத் தினமும் சமைத்துக் கொடுக்க ஊரில் ஓர் ஆளை ஏற்பாடு செய்து, அந்தச் சம்பளத்தை நீ அனுப்பு, தங்கை தலையில் வைக்காதே. போகிறேன் என்றால், மறுபேச்சுப் பேசாமல் ஐ-94 தேதிக்கு ஒரு வாரம் முன்னால் டிக்கெட் போடு. கோயம்புத்தூர் வரைக்கும் ஒரே டிக்கெட்டாக எடுத்து, சக்கர நாற்காலி உதவியும் கேட்டுவிடு. நடக்க முடியாததால் இல்லை, விமானம் மாறும் இடத்தில் மொழி தெரியாதவரைக் கையோடு அழைத்துப்போக ஓர் ஆள் இருப்பார்.