1965 ஃபோர்டு மஸ்டாங் கன்வர்ட்டிபிளை வார இறுதியில் ஓட்டுவதற்காகச் சீரமைக்கும்போது எதிலிருந்து தொடங்க வேண்டும்?

எஞ்சினைக் கழற்றத்தான் கை பரபரக்கும். ஆனால் முதலில் பார்க்க வேண்டியது அடித்தளத்தை. தனிச் சட்டகம் இல்லாத மஸ்டாங்கில் உடற்கூடே சுமையைத் தாங்குகிறது; கன்வர்ட்டிபிளில் இரும்புக் கூரையும் இல்லாததால், கதவுகளுக்குக் கீழே நீளவாக்கில் செல்லும் ராக்கர் பகுதியையும் தரையையும் ஃபோர்டு கூடுதல் தகடுகளால் வலுப்படுத்தியது. முன்கண்ணாடிக்கு முன்னுள்ள காற்றுத் துளைகளின் அடித்தட்டு துருப்பிடித்தால், மழைநீர் கால்மாட்டில் சொட்டித் தரையை அரிக்கத் தொடங்கும். வண்டியை ஜாக்கியில் தூக்கும்போது கதவின் இடைவெளி மாறினாலோ கதவு உரசினாலோ, ராக்கர் தகடுகள் உளுத்துவிட்டனவா என்று சந்தேகிக்க வேண்டும். அவற்றை வெட்டுவதற்கு முன் கதவுத் திறப்பின் குறுக்கே இரும்புக் குழாய்களைத் தற்காலிகமாகப் பற்றவைக்காவிட்டால், வண்டி நடுவில் தொய்ந்துவிடும். பிறகு எந்தக் கதவும் ஒழுங்காகப் பொருந்தாது.

அடுத்தது பிரேக். 1966 வரையிலான மஸ்டாங்குகளில் நான்கு சக்கரங்களுக்கும் ஒரே திரவச் சுற்றுதான். ஒரு குழாய் வெடித்தாலே மிதி தரையைத் தொட்டுவிடும். மிதியின் அழுத்தத்தைத் திரவத்துக்குக் கடத்தும் மாஸ்டர் சிலிண்டரை, முன், பின் சக்கரங்களுக்குத் தனித்தனிச் சுற்றுள்ளதாக மாற்றினால் இது தவிரும்; ஆனால் அது அசல்தன்மையைக் கெடுக்கும் என்பார்கள். காட்சிக்கு வைக்காமல் ஓட்டப்போகும் வண்டிக்கு அந்த வாதம் எனக்கு ஏற்புடையதல்ல. 289 கன அங்குல வி8 எஞ்சினுக்கு உதிரிபாகங்கள் இன்றும் எளிதாகக் கிடைப்பதால், அது காத்திருக்கலாம். துணிக்கூரையைக் கதவுக் கண்ணாடிகளைச் சரியாக நிறுத்திய பிறகே மாட்டுங்கள்.