சிப்பாயின் எண்ணைப் பிடியுங்கள்: பிரிட்டிஷ் காலாட்படை வீரர்களைத் தேடுவோருக்குக் கேள்வி பதில்

முதல் உலகப் போரில் பிரிட்டிஷ் காலாட்படையில் இருந்த சாதாரணச் சிப்பாய்களின் சேவை விவரங்களைக் கண்டறிவது குறித்து நண்பர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். ஒரே பொருளைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன்.

கேள்வி: என் கணவருடைய கொள்ளுத்தாத்தாவின் பெயர் மட்டும் தெரியும். அதே பெயரில் நூற்றுக்கணக்கானோர் வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது? (லண்டன் வாசகி)

பதில்: பெயரை ஒதுக்கி வைத்துவிட்டு, படையில் அவருக்குக் கொடுத்த சேவை எண்ணைத் தேடுங்கள் அம்மா. வீட்டில் பதக்கம் ஏதேனும் இருந்தால் அதன் விளிம்பை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். வெள்ளியாலான பிரிட்டிஷ் போர்ப் பதக்கத்திலும், வெண்கலத்தாலான வெற்றிப் பதக்கத்திலும் எண், பதவி, பெயர், ரெஜிமென்ட் (அவர் சேர்ந்திருந்த படைப்பிரிவு) ஆகியவை விளிம்பில் பொறிக்கப்பட்டிருக்கும்; போரின் தொடக்க ஆண்டுகளில் களம் சென்றோருக்குரிய 1914, 1914-15 நட்சத்திரப் பதக்கங்களில் அவை பின்புறத்தில் இருக்கும். லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் டபிள்யூ.ஓ. 372 (டபிள்யூ.ஓ. என்பது போர்த்துறையின் சுருக்கம்) என்ற வரிசையில் பதக்க அட்டைகள் இருக்கின்றன. எண்ணும் ரெஜிமென்ட்டும் கையில் இருந்தால் சரியான அட்டையைச் சில நிமிடங்களில் பிரித்தெடுத்துவிடலாம்.

அந்த அட்டையோடு நின்றுவிடாதீர்கள். அதில் உள்ள குறியீடு டபிள்யூ.ஓ. 329 வரிசையிலுள்ள பதக்கப் பதிவேட்டுக்கு வழிகாட்டும். அட்டையில் பெரும்பாலும் இல்லாத பட்டாலியன் (ரெஜிமென்ட்டின் உட்பிரிவு) எண் பல ரெஜிமென்ட்களின் பதிவேட்டில் கிடைக்கும். ஒரே ரெஜிமென்ட்டின் ஒரு பட்டாலியன் பிரான்ஸிலும் இன்னொன்று மெசபடோமியாவிலும் இருந்திருக்கக்கூடும் என்பதால், பட்டாலியன் தெரியாமல் ரெஜிமென்ட்டின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அவர் எந்தப் போரில் இருந்தார் என்று சொல்லவே முடியாது.

கேள்வி: என் மனைவியின் பாட்டனாருக்குச் சேவைக் கோப்பே இல்லை என்கிறார்கள். அவர் உண்மையில் படையில் இருந்தாரா என்றே ஐயம் வருகிறது. (பர்மிங்ஹாம் வாசகர்)

பதில்: ஐயம் வேண்டாம். 1940 செப்டம்பரில் லண்டனின் வால்வொர்த் பகுதியில் இருந்த போர்த்துறைக் கிடங்கின்மீது ஜெர்மானியக் குண்டு விழுந்து, முதல் உலகப் போர்ச் சிப்பாய்களின் கோப்புகளில் ஏறத்தாழ 60 விழுக்காடு எரிந்துபோயிற்று. தப்பியவை டபிள்யூ.ஓ. 363 என்ற வரிசையில் உள்ளன. ஆய்வாளர்கள் அவற்றை ‘எரிந்த ஆவணங்கள்’ என்றே அழைப்பார்கள். ஓரம் கருகி, தீயணைத்த நீரில் மை கலைந்து, சில தாள்களில் பாதி வரிதான் மிஞ்சியிருக்கிறது. ஓய்வூதியம் தொடர்பான கோப்புகள் டபிள்யூ.ஓ. 364 என்ற தனி வரிசையில் இருப்பதால் அதையும் பார்த்துவிடுங்கள்.

கோப்பு கிடைத்தவர்கள் முதலில் பி.103 படிவத்தைத் தேடவேண்டும். அதன் தலைப்பில் ‘கேஷுவல்டி’ என்ற சொல்லைக் கண்டு, ஆள் காயமுற்றார் என்று பலர் பதறிவிடுகிறார்கள். அன்றைய இராணுவ வழக்கில் அந்தச் சொல் சிப்பாயின் நிலையில் ஏற்படும் எந்த மாற்றத்தையும் குறிக்கும். கப்பலேறியது, விடுப்பில் போனது, காய்ச்சலில் படுத்தது, லான்ஸ் கார்ப்பொரலாகப் பதவி உயர்ந்தது, தண்டனை பெற்றது எல்லாம் அங்கே தேதியோடு வரிசையாக இருக்கும். எனக்கு மற்றெல்லாத் தாள்களையும்விட அந்த ஒரு தாள்தான் பெரிது.

கேள்வி: ஒரே அட்டையில் நான்கு இலக்க எண் ஒன்றும் ஆறு இலக்க எண் ஒன்றும் உள்ளன. இருவரைக் கலந்துவிட்டார்களா?

பதில்: இல்லை, ஒருவர்தான். டெரிடோரியல் படையில், அதாவது பகுதிநேரத் தொண்டர் படையில், ஒவ்வொரு பட்டாலியனும் தனித்தனியாக எண் கொடுத்துவந்ததால் ஒரே எண் பலருக்கும் இருந்தது. அந்தக் குழப்பத்தைத் தீர்க்க 1917-இன் தொடக்கத்தில் எல்லோருக்கும் ஆறு இலக்க எண்கள் வழங்கினார்கள். ஆகவே உங்களவர் 1917-க்கு முன்பே டெரிடோரியலில் சேர்ந்தவர் என்பதற்கு அந்த இரட்டை எண்ணே சான்று. வேறு ரெஜிமென்ட்டுக்கு மாற்றப்பட்டவருக்கும் புது எண் கிடைக்கும். படை முழுவதற்கும் ஒரே எண்வரிசை வந்தது 1920-இல்தான். இதை அறியாத காலத்தில், எண் ஒத்துப்போகிறதே என்று நம்பி வேறொருவருடைய வரலாற்றை மூன்று மாதம் தொகுத்தவன் நான். எண்ணையும் ரெஜிமென்ட்டையும் சேர்த்தே பாருங்கள்.

கேள்வி: 1914-இலேயே கடல் கடந்தவருக்குப் போர்ப் பதக்கம் ஒன்று மட்டும் இருக்கிறது. நட்சத்திரம் தொலைந்துவிட்டதோ?

பதில்: அவர் ஹாம்ப்ஷயர் ரெஜிமென்ட்டின் டெரிடோரியல் பட்டாலியனில் இருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள், விடை அதிலேயே இருக்கக்கூடும். இந்தியாவிலிருந்த முழுநேரப் படையினரைப் பிரான்ஸுக்கு அழைத்துக்கொள்வதற்காக, 1914-இன் இறுதி மாதங்களில் டெரிடோரியல் பட்டாலியன்கள் பலவற்றை இந்தியாவுக்கு அனுப்பினார்கள். இந்தியாவில் காவற்பணியில் மட்டும் இருந்தவர்களுக்கு நட்சத்திரமும் இல்லை, வெற்றிப் பதக்கமும் இல்லை. பதிவேட்டில் 1/4 என்று இருந்தால் அதைக் கால் என்று படித்துவிடாதீர்கள். நான்காம் பட்டாலியனின் முதல் அணி என்பது அதன் பொருள்.

கேள்வி: பட்டாலியனின் போர் நாட்குறிப்பை முழுவதும் படித்தேன். என் தேடலுக்குரியவர் பெயர் எங்குமே இல்லை.

பதில்: பெரும்பாலும் இருக்காது. டபிள்யூ.ஓ. 95 வரிசையிலுள்ள அந்தக் குறிப்புகளை அதிகாரிகள் எழுதினார்கள். அதிகாரி இறந்தால் பெயர் வரும், சிப்பாய்கள் இறந்தால் ‘பிற பதவியினர் 12’ என்று எண்ணிக்கைதான் வரும். பட்டாலியன் அன்று எந்தப் பதுங்குகுழியில் நின்றது, மழை பெய்ததா என்பதற்கு அதை நம்பலாம். ஆனால் பட்டாலியன் தாக்கியது என்பதாலேயே உங்களவரும் தாக்குதலில் இருந்தார் என்று எழுதிவிடக் கூடாது. மருத்துவமனையிலோ பயிற்சியிலோ இருந்திருக்கலாம்.

கேள்வி: புகைப்படத்தில் இடக்கையின் கீழ்ப்பகுதியில் தலைகீழ் ‘வி’ போன்ற பட்டை ஒன்று இருக்கிறது. லான்ஸ் கார்ப்பொரலா?

பதில்: அல்ல. பதவிப் பட்டை மேற்கையில் இருக்கும். கீழ்க்கையில் இருப்பது நன்னடத்தைப் பட்டை. அதனருகே செங்குத்தாகச் சிறு பொன்னிறக் கோடு தெரிந்தால் அது காயத்தின் அடையாளம்; 1916-இல் வந்த வழக்கம். வலது கீழ்க்கையில் சின்னஞ்சிறு தலைகீழ்ப் பட்டைகள் இருந்தால் அவை வெளிநாட்டுச் சேவைக்குரியவை. படம் 1918-இலோ அதன் பின்னரோ எடுக்கப்பட்டது என்று கொள்ளலாம்.

கேள்வி: பிரான்ஸிலுள்ள தியெப்வால் நினைவகத்தில் பெயர் இருக்கிறது. கல்லறை எங்கே?

பதில்: கல்லறை அறியப்படாததால்தான் பெயர் அங்கே இருக்கிறது. சோம் பகுதியில் 1918 மார்ச் 20 வரை இறந்து, உடல் அடையாளம் காணப்படாத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அந்தக் கற்களில் உள்ளன. ‘அறியப்படாத வீரர்’ என்று எழுதிய கற்களுள் ஒன்றின்கீழ் அவர் கிடக்கவும் கூடும். நீங்கள் அடுத்துப் பார்க்கவேண்டியது சிப்பாய்களின் உடைமைப் பதிவேடு. இறந்தவருக்குச் சேரவேண்டிய பணம் தாய்க்கோ மனைவிக்கோ எவ்வளவு போயிற்று என்பது அதில் இருக்கும். அதில் சேரும் போர்க்கொடை என்ற அரசுத் தொகை சேவைக்காலத்தை ஒட்டி வழங்கப்பட்டதால், கோப்பு எரிந்துபோனவர் ஏறத்தாழ எந்த மாதத்தில் படையில் சேர்ந்தார் என்பதை அந்தத் தொகையிலிருந்து பின்னோக்கிக் கணக்கிட்டுவிடலாம்.

கேள்வி: இரண்டாம் உலகப் போருக்கும் இதே வழிதானா?

பதில்: இல்லை. அப்போரின் பதக்கங்களைப் பிரிட்டிஷ் இராணுவத்தினருக்குப் பெயர் பொறிக்காமலே வழங்கினார்கள். ஆகவே விளிம்பைத் தேய்த்துப் பார்த்துப் பயனில்லை. சேவைக் கோப்புகள் எரியவில்லை. பாதுகாப்பு அமைச்சகம் அவற்றை 2022-இல் படிப்படியாகக் கியூவுக்கு மாற்றத் தொடங்கியது. மாற்றப்பட்டவற்றைக் கியூவில் விண்ணப்பித்துப் பெறவேண்டும்.