18 கோடி டாலர் செலவழித்தும் கதையின் முடிவைக் காட்டப் பயந்த படம்

கேள்வி: குழந்தைகளுக்கான மாயக்கதை நாவல்களைக் கோடிக்கணக்கில் பணம் கொட்டிப் படமாக எடுக்கும்போது பெரும்பாலும் ஏன் சொதப்புகிறது? கிராஃபிக்ஸ் பிரமாதமாக இருந்தும் புத்தகத்தின் உயிர் ஏன் வருவதில்லை?

பட்ஜெட் ஏற ஏற பயமும் ஏறுகிறது என்பதுதான் என் பதில். குழந்தைகள் எந்த இடத்துக்காக அந்தப் புத்தகத்தை விடாமல் பிடித்துக்கொண்டார்களோ, அந்தப் பயம் முதலில் கை வைப்பது அங்கேதான். பொதுவாகப் பேசுவதைவிட, எனக்கு நன்றாகத் தெரிந்த, இன்றுவரை மனசு ஆறாத ஒரு படத்தை வைத்தே சொல்கிறேன். 2007 டிசம்பரில் வந்த ‘தி கோல்டன் காம்பஸ்’. கதையின் முடிவையும் சொல்லப்போகிறேன். இனிமேல்தான் படிக்கப் போகிறேன் என்பவர்கள் இங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள்.

பிலிப் புல்மன் 1995இல் எழுதிய நாவல் இது. இங்கிலாந்தில் ‘நார்தர்ன் லைட்ஸ்’ என்றும் அமெரிக்காவில் ‘தி கோல்டன் காம்பஸ்’ என்றும் வந்தது. மூன்று நாவல்களில் முதலாவது. இங்கிலாந்தில் சிறார் நூல்களுக்குத் தரும் கார்னகி பதக்கம் இதற்குக் கிடைத்தது. கதாநாயகி லைரா, பதினொன்று பன்னிரண்டு வயதுச் சிறுமி. அவளுடைய உலகத்தில் ஒவ்வொருவரின் ஆன்மாவும் உடம்புக்கு வெளியே ஒரு விலங்காகக் கூடவே நடமாடும். டீமன் என்று அதற்குப் பெயர். குழந்தைகளின் டீமன் பூனையாக, குருவியாக, விட்டில்பூச்சியாக நினைத்தபடி உருவம் மாறும். வளர்ந்த பிறகு ஒரே உருவத்தில் நிலைத்துவிடும். டீமன் சற்றுத் தள்ளிப் போனாலே உயிர் போகிற மாதிரி வலிக்கும். வட துருவப் பகுதியில் பொல்வாங்கர் என்ற இடத்துக்குக் குழந்தைகளைக் கடத்திக்கொண்டு போய், அவர்களை டீமனிடமிருந்து வெட்டிப் பிரிக்கிறார்கள். பின்னால் இருப்பது மாஜிஸ்டீரியம், அந்த உலகத்துத் திருச்சபையின் அதிகார மையம்.

இதைப் படமாக்கும் உரிமையை வாங்கியது நியூ லைன் சினிமா. மூன்று ‘லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ படங்களை எடுத்துப் பெரும் லாபம் பார்த்த அதே கம்பெனி. இன்னொரு மூன்று பாக வெற்றி வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. முதலில் நாடக ஆசிரியர் டாம் ஸ்டாப்பார்டிடம் திரைக்கதை எழுதி வாங்கினார்கள். அது ஓரம் போய், கிறிஸ் வைட்ஸ் இயக்குநராகவும் எழுத்தாளராகவும் வந்தார். தொழில்நுட்பச் சவால் தன்னால் தாங்கக்கூடியதாக இல்லை என்று 2004 டிசம்பரில் விலகினார். அடுத்து வந்த ஆனந்த் டக்கர், ஸ்டுடியோவோடு ஒத்துப்போகாமல் 2006இல் போய்விட்டார். வைட்ஸ் மறுபடியும் வந்தார். செலவு 18 கோடி டாலர்.

அவ்வளவு காசு ஏன் என்றால், டீமன்தான். ஓர் அறையில் பத்துப் பேர் உட்கார்ந்து பேசும் சாதாரணக் காட்சி என்றாலும், கூடவே பத்து விலங்குகளை கம்ப்யூட்டரில் உருவாக்க வேண்டும். அவை மூச்சு விட வேண்டும், எஜமானரின் மனநிலைக்கு ஏற்றபடி காதை ஆட்ட வேண்டும், சில பேசவும் வேண்டும். நாவலாசிரியருக்கு அது ஒரு வரி வேலை. தயாரிப்பாளருக்கு மாதக்கணக்கான வேலையும் பெரிய பில்லும். அப்புறம் கவசம் போட்ட கரடிகள் வேறு.

அந்த வேலையைச் செய்தவர்கள் குறையே வைக்கவில்லை. கரடிகளை லண்டன் ஃப்ரேம்ஸ்டோர் செய்தது, டீமன்களில் பெரும்பகுதியை ரிதம் அண்ட் ஹ்யூஸ் செய்தது. 2008 பிப்ரவரியில் விஷுவல் எஃபெக்ட்ஸ் ஆஸ்கர் இந்தப் படத்துக்குத்தான். போட்டியில் ‘டிரான்ஸ்ஃபார்மர்ஸ்’ இருந்தும் இதுதான் வென்றது. (அந்தப் பரிசை வாங்கிய நால்வரில் ஒருவரான பில் வெஸ்டன்ஹோஃபர், 2013இல் ‘லைஃப் ஆஃப் பை’ படத்துக்காக மறுபடியும் ஆஸ்கர் மேடை ஏறினார். அதற்குச் சில நாள் முன்புதான் ரிதம் அண்ட் ஹ்யூஸ் திவால் மனு போட்டிருந்தது. அவர் அந்தக் கஷ்டத்தைச் சொல்ல ஆரம்பித்ததும் மைக்கை அணைத்துவிட்டார்கள். இந்தத் தொழிலாளர்களின் கதையைத் தனியாக எழுத வேண்டும்.)

ஆக, கிராஃபிக்ஸ் மேல் பழி போட வழியில்லை. புத்தகத்தையும் படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால்தான் எங்கே கோளாறு என்று தெரியும்.

முதல் காட்சியையே எடுங்கள். நாவல் எந்த விளக்கமும் இல்லாமல் தொடங்குகிறது. இருட்டிக்கொண்டு வரும் கல்லூரிக் கூடத்தில் லைராவும் அவள் டீமனும் பதுங்கிப் பதுங்கிப் போகிறார்கள். டீமன் என்றால் என்ன என்று யாரும் சொல்லித் தருவதில்லை, படிக்கப் படிக்க நமக்கே புரிகிறது. அந்தப் புரிதலில் ஒரு குழந்தைக்குக் கிடைக்கும் பெருமையைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். படமோ, ஒரு பின்னணிக் குரலை வைத்து டீமன், தூசு என்ற மர்மத் துகள், பல உலகங்கள் என்று எல்லாவற்றையும் முதலிலேயே ஒப்பித்துவிடுகிறது. பார்க்க வருபவருக்குப் புரியாமல் போய்விடுமோ என்ற பயம்.

அதே தொடக்கத்தில் இன்னொரு மாற்றம். லைரா அலமாரிக்குள் ஒளிந்துகொண்டு பார்க்கும்போது, அஸ்ரியல் பிரபு குடிக்க இருக்கும் ஒயினில் விஷம் கலக்கப்படுகிறது. நாவலில் கலப்பவர் கல்லூரித் தலைவரே. நல்ல மனிதர், லைராவை வளர்த்தவர், அவளைக் காப்பாற்ற வேண்டும் என்றுதான் இதைச் செய்யத் துணிகிறார். நல்லவர் ஒருவர் கொலை செய்யப் பார்க்கிறாரே என்ற குழப்பம் லைராவோடு நமக்கும் ஒட்டிக்கொண்டு புத்தகம் முழுக்க வருகிறது. படத்தில் விஷம் கலப்பது மாஜிஸ்டீரியத்தின் ஆள். வில்லன் வில்லத்தனம் செய்கிறான், முடிந்தது.

எனக்கு மிகவும் வலிக்கும் இடம் டோனி மகாரியோஸ். லைரா பனியில் நெடுந்தூரம் போய் ஒரு குடிசையில் இந்தச் சிறுவனைக் கண்டுபிடிக்கிறாள். டீமனை வெட்டி எடுத்துவிட்டார்கள். அந்த டீமனின் பெயர் ரேட்டர். அது இருந்த இடத்தில் அவன் ஒரு காய்ந்த மீனை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருக்கிறான். கூட்டிக்கொண்டு வருகிறார்கள், ஆனால் பிழைக்கவில்லை. இறந்த பிறகு அவன் கையில் மீனைக் காணோம். ஒருவர் அதை வெறும் மீன்தானே என்று நாய்களுக்குப் போட்டுவிட்டார். லைராவுக்கு வருகிற கோபம் இருக்கிறதே! அப்புறம் ஒரு தங்கக் காசு வாங்கி, அதில் கத்தியால் ரேட்டர் என்ற பெயரைக் கீறி, அவன் வாய்க்குள் வைக்கிறாள். அவள் வளர்ந்த கல்லூரியில் இறந்த அறிஞர்களுக்கு அவர்கள் டீமனின் அடையாளத்தோடு காசு வைக்கும் வழக்கம் உண்டு. அந்த மரியாதையை ஓர் ஏழைப் பையனுக்குச் செய்கிறாள்.

இந்தப் பகுதியை என் அக்கா மகளுக்குத் தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தேன். அப்போது அவள் ஆறாம் வகுப்பு. “மாமா, அந்த மீனை ஏன் நாய்க்குப் போட்டாங்க? அவனோடது இல்லையா?” என்று கேட்டாள். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் காசு வைக்கும் இடத்தை மறுபடியும் வாசிக்கச் சொன்னாள். பயந்துபோய் புத்தகத்தை மூடச் சொல்லவில்லை. குழந்தைகளால் இதையெல்லாம் தாங்க முடியாது என்று யாராவது சொன்னால் எனக்கு அவள் முகம்தான் ஞாபகம் வரும்.

படத்தில் டோனி இல்லை. அவன் இடத்தில் பில்லி கோஸ்டா என்ற இன்னொரு பையன் வருகிறான். அவன் சாவதும் இல்லை, அம்மாவிடம் போய்ச் சேர்ந்துவிடுகிறான்.

கடைசியில், முடிவு. நாவலின் வரிசை இப்படி: முதலில் பொல்வாங்கரில் இருந்து குழந்தைகள் தப்பிக்கிறார்கள். பிறகு கவசக் கரடிகளின் நாடான ஸ்வால்பார்டில் யோரெக் என்ற கரடி, அரியணையைப் பிடித்து வைத்திருக்கும் கரடியோடு மோதி வெல்கிறது. அதற்கும் பிறகு லைரா தன் அப்பா அஸ்ரியலிடம் போய்ச் சேருகிறாள். கூடவே அவள் காப்பாற்றிக் கூட்டிவந்த நண்பன் ரோஜர். இன்னோர் உலகத்துக்கு வழி திறக்க அஸ்ரியலுக்குப் பெரும் சக்தி தேவை. ரோஜரை அவன் டீமனிடமிருந்து வெட்டி அந்தச் சக்தியை எடுக்கிறார். வானம் திறக்கிறது, ரோஜர் செத்துப்போகிறான். நண்பனைக் காப்பாற்றுவதாக நினைத்துத் தன் கையாலேயே கொண்டுவந்து விட்டுவிட்டோம் என்பதோடுதான் லைரா அந்த வானத்துக்குள் நடக்கிறாள். முன்னூற்றுச் சொச்சம் பக்கமும் இதை நோக்கித்தான் வருகிறது.

படத்தில் கரடிச் சண்டையை முன்னால் கொண்டுவந்து, பொல்வாங்கரை உச்சக்காட்சி ஆக்கிவிட்டார்கள். கடைசியில் லைராவும் ரோஜரும் பலூனில் அஸ்ரியலைத் தேடிச் சந்தோஷமாகப் பறக்கிறார்கள். அவ்வளவுதான். உண்மையான முடிவை எடுக்காமலும் விடவில்லை, எடுத்திருந்தார்கள். நம்பிக்கையோடு முடியட்டும், அந்தக் காட்சிகளை இரண்டாம் பாகத்தின் தொடக்கத்தில் வைத்துக்கொள்ளலாம் என்று தீர்மானித்தார்கள். இத்தனைக்கும் இதே படத்தில் யோரெக் எதிரிக் கரடியின் தாடையை அடித்துப் பிய்த்து எறிவதைக் காட்டுகிறார்கள். கொடூரம் அவர்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஒரு சிறுவனின் சாவுக்காக அரங்கம் முழுக்கக் கலங்கி வெளியே வருவதுதான் பிரச்சினை. கலங்கிப்போன குடும்பம் அடுத்த படத்துக்கு டிக்கெட் வாங்காது என்று கணக்குப் போட்டிருப்பார்கள்.

மதம் சம்பந்தப்பட்ட பயமும் சேர்ந்துகொண்டது. திருச்சபை என்று வெளிப்படையாகச் சொல்லாமல், மாஜிஸ்டீரியத்தை வெறும் சர்வாதிகார அமைப்பு போலக் காட்டினார்கள். ஆனாலும் அமெரிக்காவின் கத்தோலிக்க லீக் படத்தைப் புறக்கணிக்கச் சொன்னது. மறுபக்கம், கதையின் முதுகெலும்பை உருவிவிட்டீர்கள் என்று மதச்சார்பற்ற அமைப்புகளும் திட்டின. வைட்ஸும் பிற்பாடு, நான் எடுத்தது ஒன்று, ஸ்டுடியோ வெட்டி வெளியிட்டது ஒன்று என்ற வருத்தத்தைப் பேட்டிகளில் மறைக்கவில்லை.

இப்படி எல்லாவற்றுக்கும் பயந்து எடுத்த படம் அமெரிக்காவில் சுமார் 7 கோடி டாலர்தான் வசூலித்தது. மற்ற நாடுகளில் நன்றாகவே ஓடியது, உலக அளவில் மொத்தம் 37 கோடி டாலருக்கும் மேல். ஆனால் செலவை ஈடுகட்ட வெளிநாட்டு உரிமைகளை நியூ லைன் முன்கூட்டியே விற்றிருந்தது. அந்த லாபம் வாங்கியவர்களுக்குப் போயிற்று. ஆஸ்கர் வாங்கிய அதே வாரத்தில், நியூ லைன் இனி தனிக் கம்பெனியாக இயங்காது, வார்னர் பிரதர்ஸோடு சேர்க்கப்படும் என்று அறிவிப்பு வந்தது. இந்தப் படத்தின் அமெரிக்கத் தோல்வியும் அதற்கு ஒரு காரணமாகப் பேசப்பட்டது. முடிவைப் பத்திரப்படுத்தி வைத்த அந்த இரண்டாம் பாகம் வரவே இல்லை.

சரி, சமரசம் இல்லாமல் எடுக்க முடியுமா என்றால், இதே கதையில் முடிந்திருக்கிறது. 2003 டிசம்பரில் லண்டன் நேஷனல் தியேட்டரில் நிக்கோலஸ் ஹைட்னர் இதை இரண்டு நாடகங்களாக, ஏறக்குறைய ஆறு மணி நேரத்துக்கு மேடையேற்றினார். டீமன்கள் வெறும் பொம்மைகள், ஆட்டுபவர்கள் கண்ணுக்குத் தெரியவே நின்றார்கள். அரங்கம் ஏற்றுக்கொண்டது. பிறகு 2019 நவம்பரில் பிபிசியும் எச்பிஓவும் சேர்ந்து தொடராக எடுத்தன, மூன்று சீசனில் மூன்று நாவல்களும் முடிந்தன. படம் 113 நிமிடத்தில் அடக்கப் பார்த்த நாவலுக்கு இங்கே எட்டுப் பகுதிகள். அதிலும் எனக்குக் குறை உண்டு. கூட்டமான காட்சிகளில் டீமன்களே கண்ணில் படுவதில்லை, செலவை அங்கே மிச்சம் பிடித்திருக்கிறார்கள். ஆனால் பில்லி அதில் பிழைக்கவில்லை, ரோஜரும் பிழைக்கவில்லை. எட்டாவது பகுதி நாவல் முடியும் இடத்திலேயே முடிகிறது. கிராஃபிக்ஸில் கஞ்சத்தனம் செய்து கதையில் செய்யாமல் விட்டதை நான் முழு மனசோடு பாராட்டுகிறேன்.

உங்கள் வீட்டில் பத்து வயதுக்கு மேல் குழந்தை இருந்தால் முதலில் நாவலை வாசித்துக் காட்டுங்கள், பிறகு தொடர். படத்தைக் கரடிச் சண்டைக்காகவும் நிக்கோல் கிட்மனுக்காகவும் ஒருமுறை பார்க்கலாம். தொடரின் எட்டாவது பகுதியை மட்டும் ராத்திரி தூங்கப் போகும் நேரத்தில் போடாதீர்கள். முடிந்ததும் நிறையக் கேள்வி வரும், பதில் சொல்ல உங்களுக்கும் நேரம் வேண்டும்.