ஸ்பீக்கர் கிடக்கட்டும், முதலில் பேட்டரியைத் தனியாக்குங்கள்

கேள்வி: எங்கள் விசைப்படகில் ஐந்து நாள் கடலிலேயே தங்கி மீன்பிடிக்கிற தங்கல் தொழில். வீல் ரூமில் (படகை ஓட்டுகிற அறை) கார் ஸ்டீரியோவும் இரண்டு ஸ்பீக்கரும் மாட்டினோம். ஆறே மாதத்தில் ஸ்பீக்கர் கரகரக்கிறது. ராத்திரி பாட்டு கேட்டால் விடியற்காலையில் இன்ஜின் ஸ்டார்ட் ஆக மறுக்கிறது. இந்தத் தடவை என்ன வாங்கலாம்?
(நாகப்பட்டினம் வாசகர்)

பதில்: வாங்குவது அப்புறம். இன்ஜினை எழுப்புகிற பேட்டரியில் பாட்டுப் பெட்டியைக் கொடுக்கவே கூடாது, காற்று எழும்பும் நேரத்தில் இன்ஜின் எழும்பாவிட்டால் என்ன ஆகும் என்பது என்னைவிட உங்களுக்குத் தெரியும். பாட்டுக்கென்று தனியாக ஒரு 12 வோல்ட் பேட்டரி போடுங்கள். வீட்டு இன்வெர்ட்டருக்குப் போடுகிற டியூபுலர் வகையே போதும், ஆனால் ஆட்டத்தில் சாயாதபடி இறுக்கிக் கட்டி, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள். 100 ஆம்பியர் மணி பேட்டரி என்றால் பாதிதான் செலவு செய்யலாம், பெட்டி 3 ஆம்பியர் இழுத்தால் ஏறக்குறைய 16 மணி நேரம் வரும். உங்கள் படகு 24 வோல்ட் என்றால், வரிசையாக இணைத்த இரண்டு பேட்டரிகளில் ஒன்றிலிருந்து மட்டும் 12 வோல்ட் எடுக்கிற பழக்கம் வேண்டாம், இரண்டுமே சீக்கிரம் கெட்டுவிடும்.

கரகரப்புக்குக் காரணம் உப்பு. கார் ஸ்பீக்கரில் பெரும்பாலும் காகிதக் கூம்பு, ஈரத்தில் ஊறிவிடும். பாலிபுரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக் கூம்பும் ரப்பர் விளிம்பும் உள்ள, படகுக்கென்றே செய்த ஸ்பீக்கர் வாங்குங்கள். திருகாணி 316 ரக ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். ஒயர், வெள்ளீயம் பூசிய செம்பு. சாதாரணச் செம்புக் கம்பி உறைக்குள்ளேயே கறுத்துப்போகும், வெளியே பார்த்தால் தெரியாது. 10 ஆம்பியர் இழுக்கிற பெட்டி பேட்டரியிலிருந்து 5 மீட்டர் தள்ளி இருந்தால் 2.5 சதுர மில்லிமீட்டர் ஒயரிலேயே கிட்டத்தட்ட 0.7 வோல்ட் போய்விடும், அதனால் 4 சதுர மில்லிமீட்டர் ஒயர் போடுங்கள். ஃபியூஸ், பாட்டுப் பெட்டியருகே இருந்தால் மட்டும் போதாது, பேட்டரியை ஒட்டியும் ஒன்று வேண்டும், இடையில் ஒயர் உரசி ஷார்ட் ஆனால் தீப்பிடிக்காமல் அதுதான் காப்பாற்றும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லியாக வேண்டும். ஸ்பீக்கருக்குள் காந்தம் இருக்கிறது, வீல் ரூமில்தான் காம்பஸும் இருக்கிறது. திருகாணி முடுக்குவதற்கு முன் ஸ்பீக்கரைக் கையில் பிடித்து, மாட்டப்போகும் இடத்துக்குக் கொண்டுபோய் முள் அசைகிறதா பாருங்கள். கொஞ்சம் அசைந்தாலும் அந்த இடம் வேண்டாம். ஜிபிஎஸ் இருக்கிறதே என்று விடாதீர்கள், கரண்ட் போனால் காம்பஸ்தான் கரை காட்டும். அதன் பக்கமாகப் போகிற பிளஸ், மைனஸ் ஒயர்களை ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். எல்லாம் முடிந்ததும் பாட்டைப் போட்டுக்கொண்டே விஎச்எஃப் ரேடியோவில் ஆபத்து அழைப்புக்கான 16ஆம் சேனலைத் திறந்து கேளுங்கள். இரைச்சல் வந்தால் ஆம்பிளிஃபையரையும் அதன் ஒயர்களையும் ஆன்டெனா கேபிளை விட்டுத் தள்ளி வையுங்கள்.

கேள்வி: சின்ன ஃபைபர் படகுக்கு ப்ளூடூத் ஸ்பீக்கர் போதாதா?
(பாம்பன் வாசகர்)

பதில்: தாராளமாகப் போதும். ஐபி67 (தூசும் தண்ணீரும் புகாது என்கிற தரக்குறி) என்று போட்டிருக்கிறதா பாருங்கள், அன்றன்றைக்கு நல்ல தண்ணீரில் கழுவித் துடையுங்கள். பெரிய கப்பலின் ஹாரன் காதில் விழுகிற அளவுக்கு மட்டும் சத்தம் வையுங்கள்.