மைஎஸ்கியூஎல் 5.7இலிருந்து 8.0க்கு ஏற்றி மாட்டுப்பட்டவர்கள் கேளுங்கள்

கொக்குவிலில் இருந்து பத்துப் பதினைந்து கடைகளின் பில் சேர்வர்களைப் பார்க்கிறவன் நான். பில்களைச் சேமிக்கும் தரவுத்தள மென்பொருளான மைஎஸ்கியூஎல் 5.7க்கு 2023 ஒக்ரோபருடன் ஆதரவு நின்றது. அதிலிருந்து ஆளாளுக்கு 8.0க்கு ஏற்றிவிட்டு இரவு பத்து மணிக்கு அழைக்கிறார்கள். இன்று மொத்தமாகக் கேளுங்கள். பிழைப் பதிவைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்டால் புண்ணியம்.

ஏற்றிய பிறகு சேர்வர் எழும்பவே இல்லை அண்ணை. (சுன்னாகம்)

கொன்ஃபிக் ஃபைலில் குவெரி கேச் (முன்பு கேட்ட கேள்வியின் விடையைச் சேமித்து வைக்கும் வசதி) வரிகள் கிடக்கும். 8.0இல் அந்த வசதியே இல்லை, தெரியாத வரியைக் கண்டால் சேர்வர் எழும்பாது. அழித்துவிடுங்கள். எஸ்கியூஎல் மோட் வரியில் 'நோ ஓட்டோ கிரியேட் யூசர்' இருந்தால் அதையும்.

5.7 ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போனது. வந்ததும் அப்படியே 8.0ஐப் போட்டேன். கிராஷுக்குப் பிறகு அப்கிரேட் செய்ய முடியாது என்கிறது. (சாவகச்சேரி)

பதிவைப் பார்த்துக் கேட்ட முதல் ஆள் நீங்கள்தான் தம்பி. தரவு ஃபைலில் சேருமுன் ஒவ்வொரு மாற்றமும் ரீடூ லொக்கில் எழுதப்படும், கரண்ட் போனதில் அதில் மிச்சம் நின்றுவிட்டது. 5.7 எழுதிய மிச்சத்தை 8.0 தொடாது, தொடாமல் விட்டதுதான் உங்கள் அதிர்ஷ்டம். டேட்டா ஃபோல்டரை முதலில் வேறு டிஸ்க்கில் பிரதி எடுங்கள். அப்புறம் 5.7ஐத் திரும்பப் போட்டு எழுப்புங்கள், மிச்சத்தை அதுவே தீர்த்துக்கொள்ளும். பிறகு 'ஃபாஸ்ட் ஷட்டவுன்' என்ற அமைப்பை 0 ஆக்கி ஒழுங்காக நிறுத்துங்கள். அது மெதுவாகத்தான் நிற்கும், அவசரப்பட்டு பவர் பட்டனை அழுத்தினால் திரும்ப முதலிலிருந்துதான். நின்ற பிறகு 8.0. யூபிஎஸ் பற்றரி எத்தனை நிமிடம் தாங்கும் என்று தெரியாமல் இந்த வேலையில் இறங்காதீர்கள்.

எனக்கு 8.0 எழும்பி இரண்டு நாள் ஓடியது. பிடிக்கவில்லை, அதே ஃபோல்டரோடு 5.7க்குத் திரும்பலாமா?

முடியாது. மேலே சொன்னது 8.0 இன்னும் தொடாத ஃபோல்டருக்கு. உங்களுக்குப் பேக்கப் ஒன்றுதான் வழி. "பேக்கப் இருக்கும்" என்கிறீர்கள், எடுத்துப் போட்டுப் பார்த்தீர்களா? போட்டுப் பார்க்காததை நான் பேக்கப் என்று கணக்கில் எடுப்பதில்லை.

சேர்வர் எழும்பவில்லை, என்ன செய்வது?

முதல் கேள்வி.

ஒவ்வொரு பின்னேரமும் தானாக விழுந்து எழும்புகிறது. பதிவில் காரணமே இல்லை. (மானிப்பாய்)

ரம் எவ்வளவு, 2 ஜிபியா? அப்படியானால் ரம் போதாமல் சேர்வரைக் கொன்றது லினக்ஸ் கேர்னலாக (இயங்குதளத்தின் மையம்) இருக்கும், கொலை செய்தவன் மைஎஸ்கியூஎல் பதிவில் கையெழுத்துப் போடமாட்டான். சிஸ்டம் பதிவில் 'அவுட் ஒஃப் மெமரி' என்று தேடுங்கள். பின்னேரம் என்றால் நாள்முடிவு அறிக்கை ஓடும் நேரம். 8.0இல் தற்காலிக டேபிள்கள் மட்டுமே 1 ஜிபி வரை ரம்மில் ஏறலாம். அதையும் பஃபர் பூலையும் (தரவை ரம்மில் வைத்திருக்கும் இடம்) குறையுங்கள்.

எழுத்துக்கு நான்கு பைட் வரை எடுக்கும் யூடிஎஃப்8எம்பி4 குறியாக்கம் தமிழுக்குத் தேவையில்லை. தமிழ் எழுத்துக்கு மூன்று பைட் போதும், நான்காவது ஈமோஜிக்காரருக்கு.

இதைக் கேள்வி என்று போட்டிருக்கிறீர்கள், சரி. அன்றாடத் தமிழுக்கு மூன்று போதும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் 2019இல் யூனிகோட் 12 முந்திரி, காணி, மா போன்ற பழைய பின்னக் குறிகளைச் சேர்த்தது. அவற்றுக்கு நான்கு பைட் வேண்டும்.

அதை இப்போது யார் எழுதுகிறார்கள்?

பழைய கணக்கு ஓலைகளைத் தட்டச்சுச் செய்கிறவர்கள் எழுதுகிறார்கள். கடைக்காரரும் வாடிக்கையாளர் பெயரில் பூப்படம் போடத்தான் செய்கிறார், மூன்று பைட்டே தாங்கும் பழைய யூடிஎஃப்8இல் அந்த வரி பதியாது, திட்டு எனக்கு.

என் கடையில் அப்படி யாரும் இல்லை.

உங்கள் கடைக்கு நான் வரவில்லை அண்ணை. விடுங்கள்.

போஸ்ட்கிரெஸ்...?

அது வேறு தரவுத்தளம், என் துறை இல்லை.

சேர்வர் எழும்பவில்லை. படம் இணைத்திருக்கிறேன்.

படத்தில் உங்கள் விரலும் பாதித் திரையும்தான் தெரிகிறது. பிழைப் பதிவின் கடைசி 20 வரியை எழுத்தாக ஒட்டுங்கள்.