டேடோனாவுக்கு ஆகாத தேதியா?

கேள்வி: அமெரிக்காவின் டேடோனா 500 கார் பந்தயத்தில் டேல் எர்ன்ஹார்ட் இறந்தது பிப்ரவரி 18 அன்று. அந்தப் பந்தயத்தின் பெரிய சம்பவங்கள் பலவும் அதே தேதியில் வருகின்றன. டேடோனாவுக்கு அது ஆகாத நாள் என்கிறார் என் அண்ணன். அப்படியா?

பதில்: உங்கள் அண்ணன் நன்றாகக் கவனித்திருக்கிறார். ஆனால் இது காலண்டர் செய்கிற வேலை. பிப்ரவரி மூன்றாவது திங்கள்கிழமை அங்கே அதிபர் தின விடுமுறை. அதற்கு முந்தைய ஞாயிறுதான் பல ஆண்டுகளாகப் பந்தய நாள். அதனால் 18-ம் தேதி ஞாயிற்றுக்கிழமையாக வரும் ஆண்டுகளில் டேடோனாவும் அன்றைக்கே வந்துவிடுகிறது. 1979, 1990, 1996, 2001, 2007, 2018 எல்லாம் அப்படித்தான். 2024-லும் வந்திருக்கும்; மழை பெய்து மறுநாளுக்குப் போய்விட்டது.

ஆகாத நாள் என்றால் 1979-ஐ எங்கே வைப்பது? இந்தப் பந்தயங்களை நடத்தும் நாஸ்கார் அமைப்பை அமெரிக்கா முழுக்கக் கொண்டுபோன பந்தயம் அது. 500 மைல் பந்தயம் ஒன்று முதல் சுற்றிலிருந்து கடைசி வரை நாடு முழுக்க டிவியில் நேரடியாக ஒளிபரப்பானது அதுவே முதல்முறை. வடகிழக்கு மாநிலங்களில் கடும் பனி, ஜனங்கள் வீட்டுக்குள் டிவி முன்னால். கடைசிச் சுற்றில் முதலிடத்துக்கு முட்டிமோதிய கேல் யார்பரோவும் டானி அலிசனும் சுவரில் இடித்துப் புல்வெளியில் போய் நின்றார்கள். வெகுதூரம் பின்னால் வந்த ரிச்சர்ட் பெட்டி ஜெயித்துவிட்டார். அப்புறம் டானியின் அண்ணன் பாபியும் காரை நிறுத்தி இறங்க, புல்வெளியிலேயே கைகலப்பு! அதுவும் நேரடியாக ஒளிபரப்பானது. அந்தப் பந்தயத்தில் 8-வதாக வந்த புதுமுகம் யார் தெரியுமா? டேல் எர்ன்ஹார்ட்.

1990-ல் அதே தேதியில் அவர் கையிலிருந்தது வெற்றி. கடைசிச் சுற்றில் டயர் கிழிந்தது. அதுவரை ஒரு பந்தயமும் ஜெயிக்காத டெரிக் கோப் கோப்பையை வாங்கினார். டேடோனா 500-ஐ எர்ன்ஹார்ட் வென்றது 1998-ல், 20-வது முயற்சியில். அன்று எதிரணி மெக்கானிக்குகள் எல்லாரும் வரிசையில் நின்று அவருக்குக் கைகொடுத்தார்கள். எனக்குப் பிடித்த டேடோனா காட்சி அதுதான்.

2001-ல் கடைசிச் சுற்றில் முன்னால் போன இரண்டு கார்களும் எர்ன்ஹார்ட்டின் சொந்த அணியைச் சேர்ந்தவை. முதலில் மைக்கேல் வால்ட்ரிப், அடுத்தது எர்ன்ஹார்ட்டின் மகன். மூன்றாவதாக வந்த எர்ன்ஹார்ட், பின்னால் வந்தவர்களை மறித்துக்கொண்டே வந்தார். நான்காவது வளைவில் சுவரில் மோதினார். 462 பந்தயங்களில் தோற்ற வால்ட்ரிப்புக்கு அது முதல் வெற்றி. வர்ணனை அறையில் இருந்த அவர் அண்ணன் டேரல் உற்சாகத்தில் கத்திக்கொண்டிருந்தார். அந்தப் பதிவை இன்றைக்கும் என்னால் முழுதாகப் பார்க்க முடிவதில்லை.

அதற்குப் பின்னால் நடந்ததைத்தான் உங்கள் அண்ணனிடம் முக்கியமாகச் சொல்ல வேண்டும். எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டின் அடிப்பகுதி உடைந்து. மோதும்போது உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்கிறது, தலை மட்டும் முன்னால் பாய்கிறது. 2000-ல் ஆடம் பெட்டி உட்பட மூன்று ஓட்டுநர்களை நாஸ்கார் இழந்திருந்தது. அப்போதே ஹான்ஸ் என்ற கழுத்துக் காப்புக் கருவி இருந்தது, ஆனால் கட்டாயமில்லை. 2001 அக்டோபரில்தான் தலை, கழுத்துக் காப்பைக் கட்டாயமாக்கினார்கள். கான்கிரீட் சுவருக்கு முன்னால் எஃகுக் குழாய்களும் நுரைப்பஞ்சும் வைத்த தடுப்புகள் பிறகு வந்தன. எர்ன்ஹார்ட்டுக்குப் பின், நாஸ்காரின் உச்சப் போட்டியான கப் தொடர் பந்தயம் எதிலும் ஒரு ஓட்டுநர்கூட இறக்கவில்லை. 2020 டேடோனாவில் ரயன் நியூமனின் கார் தலைகீழாகப் பறந்து விழுந்தது. இரண்டே நாளில் மகள்களின் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியே வந்தார்.

கேள்வி: பிப்ரவரி 18-ல் பந்தயம் தவிர வேறு என்ன நடந்தது?

பதில்: 1930-ல் அரிசோனாவின் லோவெல் ஆய்வகத்தில் 24 வயது கிளைட் டாம்பா புளூட்டோவைக் கண்டுபிடித்தார். ஜனவரியில் சில நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு படங்களை மாற்றி மாற்றிப் பார்த்து, அதில் நகர்ந்திருந்த ஒரு புள்ளியைப் பிடித்தார். எத்தனை பொறுமை! 2021-ல் நாசாவின் பெர்சிவியரன்ஸ் ஊர்தி செவ்வாயில் இறங்கியதும் அன்றுதான்.