குளத்துப் படகின் வயது

அன்புள்ள ஆசிரியருக்கு,

பர்மிங்ஹாமில் ஒரு பழம்பொருள் சந்தையில் மாதிரிப் பாய்மரப் படகு ஒன்றை வாங்கினேன். விக்டோரியா காலத்தது என்று விற்றவர் சொன்னார். உடலின் நீளம் 50 அங்குலம். பெரிய பாய் 64 அங்குல உயரமும் 17 அங்குல அடிப்பக்க அகலமும் கொண்டது. முன்பாய்க்கு அவை 46, 11. பின்தளத்தில் சுக்கானுக்கு மேலே மெல்லிய காற்றுத்தகடு ஒன்று சுழல்கிறது. படங்களை இணைத்திருக்கிறேன். இதன் காலத்தைச் சொல்ல முடியுமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

விக்டோரியா அரசி 1901இல் மறைந்தார். உங்கள் படகு அதற்கு ஒரு தலைமுறையாவது பிந்தியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்து மார்பிள்ஹெட் ஊரில் 1930இல் தோன்றி, அவ்வூரின் பெயராலேயே அழைக்கப்படும் பந்தய வகுப்புக்கு முக்கிய விதிகள் இரண்டே: உடல் 50 அங்குலம், பாய்ப்பரப்பு 800 சதுர அங்குலம். நீளம் தற்செயலாகவும் ஒத்துப்போகலாம் என்பதால் நீங்கள் தந்த அளவுகளை முக்கோணமாக வைத்துக் கணக்கிட்டுப் பார்த்தேன். பெரிய பாய் 544, முன்பாய் 253, ஆக 797. இரண்டு எண்களும் ஒருசேரத் தற்செயலாக அமையும் என்று நான் நம்பவில்லை.

அடுத்தது சுக்கான். கரையிலிருந்து விட்டுவிட்டால் படகு தானாகவே வழி பிடித்து ஓட வேண்டும் என்பதால், இவ்வகைப் படகுகளின் வரலாறு பெரும்பாலும் சுக்கான் கருவிகளின் வரலாறே. ஜார்ஜ் பிரெய்ன் என்ற ஆங்கிலேயர் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அமைத்த முறையில், காற்று தள்ளும் பாயின் இழுவையே கயிறு வழியாகச் சுக்கானின் தலையிலுள்ள பித்தளைக் கால்வட்டத்தைத் திருப்பும். எதிர்ப்பக்கம் ஒரு ரப்பர் இழை அதை மீட்டுக்கொண்டு வரும். காற்றின் திசைக்கேற்பத் தானே திரும்பிச் சுக்கானை இயக்கும், உங்களுடையதைப் போன்ற காற்றுத்தகட்டை 1930களின் நடுவில் நார்வேயின் சாம் பெர்கே பந்தயத்துக்குக் கொண்டுவந்தார். அது பரவலானது இரண்டாம் உலகப் போருக்குப் பிறகுதான்.

ஆனால் தகட்டைக் கொண்டு உடலுக்கு வயது சொல்லிவிட வேண்டாம். உங்கள் மூன்றாவது படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தபோது, தகட்டின் தண்டுக்கு முன்னால் தளத்தில் நடுக்கோட்டுக்கு இருபுறமும் மரத்துண்டால் அடைத்த இரண்டு சிறு துளைகள் தெரிந்தன. வார்னிஷ் அவற்றின் மேல் சற்றே கருத்திருக்கிறது. பிரெய்ன் முறையின் கயிறுகளுக்கான சிறு வளையங்கள் அங்கே இருந்து கழற்றப்பட்டிருக்க வேண்டும். அப்படியானால் உடல் முந்தையது, தகடு பிந்தையது. 1930களின் பிற்பகுதிக்கும் 1940களின் இறுதிக்கும் இடையில் கட்டப்பட்டது என்பது என் கணிப்பு.

பாயை நம்ப வேண்டாம். துணி பருத்தியாக இல்லாமல் டெரிலீன் என்றால், 1941இல் கண்டறியப்பட்டு 1950களில் சந்தைக்கு வந்த செயற்கை இழை அது. பழைய பாய் கிழிந்தபின் தைத்ததாகவே இருக்கும். (வாங்கியவர்கள் முதலில் நம்புவதும் இந்தப் பாயைத்தான்!) இருப்பினும் அதில் எண் ஏதும் எழுதியிருந்தால் குறித்துக்கொள்ளுங்கள்; பழைய பாயிலிருந்த பதிவு எண்ணையே புதிதிலும் எழுதியிருக்கக்கூடும்.

தளத்தின் மூடியைத் திறந்து டார்ச் அடித்துப் பாருங்கள். விலா எலும்புகளைப் போலச் சட்டங்கள் தெரிந்தால் பலகை பொருத்திக் கட்டியது; கிடைமட்டமாகப் பசைக் கோடுகள் மட்டும் ஓடினால் பலகைகளை அடுக்கி ஒட்டி, பின் குடைந்து செதுக்கியது. அந்த உட்புறத்தையும் படமெடுத்து அனுப்புங்கள். அதுவரை வார்னிஷைச் சுரண்ட வேண்டாம். துளைகளின் அடையாளம் அதோடு போய்விடும்.